உப்பளத்தில் கால் மணி நேரம்

எனக்கு இருபத்தொன்பது வயது நடந்தபோது என் உடம்பு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியின் கடிதப் பிரிவில் தற்காலிக குமாஸ்தாவாக இரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன். வேலையை நிரந்தரமாக்கும் முன் கம்பெனி டாக்டர் உடம்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் போன வேகத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். டாக்டர் வயதான பார்ஸிக்காரர். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு எடை மேடையில் ஏறச் சொன்னார். முள் போய் நின்ற இடத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

கையெழுத்துப் போடவில்லை. ரத்த அழுத்தம் அதிகம், எடை அதிகம், ஜனவரிக் கடைசியில் மறுபடி வா என்றார். அதற்குள் இரண்டும் இறங்காவிட்டால் கம்பெனி வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் என்பதையும் அன்பாகவே சொன்னார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"சைக்கிள் சலாவ்," என்றார். "மகர் ஆராம் ஸே, பாவா. ரேஸ் நஹி ஹை. ஜாட் தேகோ, பக்ஷி தேகோ."

அவசரப்படாமல், மரத்தையும் பறவையையும் பார்த்துக்கொண்டு ஓட்டு என்கிறார். மரமும் பறவையும் என் எடையை எப்படிக் குறைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

குர்லாவில் ஒரு பட்டறைக்காரரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். நன்றாகத்தான் ஓடியது. பிரேக் பிடித்தால் மட்டும் யாரோ பூனையின் வாலை மிதித்த மாதிரி கத்தும். எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கட்டையை மாற்றிப் பார்த்தேன், அது கத்துவதை நிறுத்தவில்லை. மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் நான் திரும்பி வருவதை எல்லோரும் படுக்கையில் இருந்தபடியே தெரிந்துகொண்டார்கள்.

எங்கே ஓட்டுவது என்பதை என் மனைவி தீர்மானித்தாள்.

"ஏன்னா, எங்கயோ சுத்தறதுக்குப் பதிலா செம்பூர் போய் அப்பாவைப் பாத்துட்டு வந்துடுங்கோளேன். உங்களுக்கு எக்சர்ஸைஸ், எனக்கு நிம்மதி."

என் மாமியார் அந்த வருஷம் மே மாதத்தில் தவறிப்போயிருந்தார். மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், செம்பூரில் ஒரு தரைத்தள வீட்டில் ஒண்டியாக இருந்தார். இவள் ஒரே பெண். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "பொண்ணாத்துல போய் உக்காந்துண்டு சாப்டற வழக்கம் எங்க வம்சத்துல கெடையாது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் குடிப்பதற்குக்கூட அவர் நாள் பார்ப்பார். அவர் சாப்பிடுகிறாரா இல்லையா என்பதுதான் அவளுடைய கவலை. என்னுடையது நான் சாப்பிட்டது போதுமா, அதிகமா என்பது.

அக்டோபர் கடைசியில், அரை நிஜாரும் கான்வாஸ் ஷூவுமாகக் காலை ஆறே காலுக்குக் கிளம்பினேன். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி சயான் வரைக்கும் ஒன்றும் விசேஷமில்லை. பால் வண்டி, பேப்பர் கட்டு, டிராம் நின்றுபோன பிறகும் ரோட்டில் விட்டுப்போன தண்டவாளத் துண்டு. சயானில் காற்று மேற்கேயிருந்து அடித்தால் தாராவித் தோல் கிடங்கின் வாடை வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். அதைத் தாண்டி டிராம்பே ரோடில் ஏறியதும் ஊர் திடீரென்று விட்டுப்போகும். இரண்டு பக்கமும் சதுப்பு, அதை ஒட்டி உப்பளம். மழைக்காலத்தில் கரைந்த வரப்புகளை அப்போதுதான் மண் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திகளில் கடல் தண்ணீர் நின்றது. எதிரே டிராம்பே மலை. அதற்குப் பக்கத்தில் எண்ணெய் ஆலையின் உயரமான குழாயில் எரியும் நெருப்பு. மலைக்குப் பின்னால் சூரியன் வரும்போது எந்த வெளிச்சம் எதனுடையது என்று ஒரு நிமிஷம் தெரியாது.

முதல் நாளே பிரேக்கைப் பிடித்துவிட்டேன். சைக்கிள் கத்திய கத்தலில் இரண்டு கொக்குகள் எழுந்து அடுத்த பாத்திக்குப் போயின. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் நிற்கலாம் என்று நினைத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது கால் மணி ஆகியிருந்தது. பத்து வருஷமாக பம்பாயில் இருக்கிறேன், வீட்டுக்கு மூன்று மைலில் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாளும் நின்றேன். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கால் மணியைத் தவிர்த்தால் நான் ஆறே முக்காலுக்கே செம்பூர் போய்விடலாம். நின்றுவிட்டுப் போவதால் ஏழு அடிக்கும். உப்பளத்தில் நிற்பதை மாமனாரிடமும் சொல்லியிருந்தேன். தெருமுனையில் பிரேக் கத்தியதும் மாமனார் வாசல் கதவைத் திறந்துவிடுவார். குளித்து, விபூதி இட்டு, துவைத்த வேட்டியில் நிற்பார். என் அரை நிஜாரை மட்டும் அவர் பார்க்கமாட்டார். முழங்காலுக்கு மேலேயே பார்வையை வைத்துக்கொண்டு, "வாங்கோ மாப்ளே, பிரேக் சத்தம் கேட்டுத்து, பாலை அடுப்புல ஏத்திட்டேன்" என்பார்.

முதல் நாள் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். நான் வருவதை என் மனைவி முன்பே சொல்லியனுப்பியிருந்தாள். கூடத்தில் வெள்ளித் தட்டு போட்டிருந்தது. நாலு இட்லி, ஒரு வடை, கிண்ணத்தில் சாம்பார்.

"ஐயோ, வேண்டாம் மாமா. டாக்டர் எடையைக் கொறைக்கச் சொல்லியிருக்கார்."

"நன்னா கொறைச்சுக்கோங்கோ. எங்காத்துக்கு வந்துட்டு மாப்பிள்ளை வெறும் வயத்தோட போனார்னா உங்க மாமி மேலேர்ந்து என்னைச் சும்மா விடுவாளா? எல்லாம் அவ பக்குவம்தான். பக்கத்துல நின்னு பாத்துண்டே இருந்ததுல எனக்கும் வந்துடுத்து."

சொல்லிக்கொண்டே இட்லி மேல் ஒரு கரண்டி நெய்யைக் கவிழ்த்தார். சாப்பிட்டேன். அவரும் என் எதிரே சின்னத் தட்டில் இரண்டு வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இட்லி பூ மாதிரி இருந்தது. சாம்பார்தான் லேசாகத் தித்தித்தது. மாமியார் சாம்பாரில் வெல்லம் சேர்த்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், துக்கத்துல உப்பும் தெரியலை, தித்திப்பும் தெரியலை. தானே பண்ணிச் சாப்டறாரே, அதுவே போறும். நீங்க வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்கோ. உங்களுக்காகத்தான் அடுப்பையே மூட்டறார்" என்றாள்.

மாதுங்கா ஸ்டேஷனில் ஓர் எடை மிஷின் இருந்தது. காசு போட்டால் விளக்குகள் சுழன்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் எதிர்காலம். ராத்தல் போய் கிலோ வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் எனக்கு என் எடை கூடியதா குறைந்ததா என்பதைக்கூட மனசுக்குள் ஒரு தடவை மாற்றிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்த்தும் சந்தேகமில்லை. ஒரு மாசம் தினமும் சைக்கிள் மிதித்து நான் ஒரு கிலோ ஏறியிருந்தேன். அட்டையைத் திருப்பினால், 'உங்கள் முயற்சி பலன் தருகிறது' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். எங்கள் மாடி வீட்டுக்காரரிடம் போய் அட்டையைக் காட்டினேன். அவர் தினமும் மொட்டை மாடியில் கர்லாக் கட்டை சுற்றுபவர். ஐம்பது வயதிலும் வயிறு பலகை போல இருக்கும். தேகப்பயிற்சியை கஸரத் என்றுதான் சொல்வார். நான் போகிற வழியை, வேகத்தை, நேரத்தை விசாரித்தார். உப்பளத்தில் கால் மணி நிற்பதைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அதான் சார்! நீங்க பண்றது கஸரத்தா, தமாஷாவா? பாதி வழியில நின்னா ரத்தம் ஆறிப்போயிடும். ஏறின சூடு அத்தனையும் வேஸ்ட். வேடிக்கை பாக்கணும்னா சண்டே பஸ்ஸுல போய் பாருங்க. ஓட்டறப்போ முன் சக்கரத்தை மட்டும் பாருங்க. மூச்சு பல்லுல வந்து நிக்கணும்."

டாக்டர் பறவையைப் பார் என்கிறார். இவர் சக்கரத்தைப் பார் என்கிறார். டாக்டர் படித்தவர், ஆனால் அவருக்கே தொந்தி உண்டு. இவர் படிக்காதவர், ஆனால் வயிறு பலகை. யாரை நம்புவது? இரண்டு நாள் ரயிலில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். தாதர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சந்தோஷமாக இருந்த எதுவும் உடம்புக்கு நல்லதாக இருந்து நான் கண்டதில்லை. உப்பளத்தில் சந்தோஷமாக இருந்தேன். ஆகவே குற்றவாளி உப்பளம்தான் என்று முடிவு கட்டினேன். தட்டிலிருந்த நெய் என் கண்ணில் படவே இல்லை. மாமியார் வீட்டில் சாப்பிடுவதை நாங்கள் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மரியாதைக் கணக்கு.

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். சயானைத் தாண்டினேன். வலது பக்கம் ஏதோ வெள்ளையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. திரும்பவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவன் உப்பைக்கூடப் பார்க்காமல் ஓடுகிறான் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. மூச்சு பல்லுக்கு வந்தது. செம்பூர் வந்தபோது மணி ஆறே முக்கால்.

மாமனார் தெருவுக்குத் திரும்பும் முனையில் ஒரு உடுப்பி ஓட்டல். முன்கதவு பாதிதான் திறந்திருந்தது. அதன் பக்கச் சந்திலிருந்து ஒருவர் வேகமாக வெளியே வந்தார். பனியன், அழுக்கு வேட்டி, நெற்றியில் ஒன்றுமில்லை. கையில் பித்தளைத் தூக்கு. அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்தார். அந்தத் தூக்கு எனக்குத் தெரியும். மாமியார் அதில் எங்களுக்குத் தீபாவளி பட்சணம் கொடுத்தனுப்புவார்.

என்னையறியாமல் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். சைக்கிள் கத்தியது. அவர் திரும்பவில்லை. நடை மட்டும் ஒரு கணம் தயங்கிய மாதிரி இருந்தது, அதுவும் என் பிரமையோ என்னவோ. நான் சைக்கிளை அப்படியே அடுத்த தெருவில் திருப்பிவிட்டேன்.

அந்தக் காலனியை நாலு சுற்று சுற்றினேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமியார் இருந்தவரை அந்த வீட்டு நிலைப்படிக்குள் ஓட்டல் பலகாரம் நுழைந்ததில்லை. யாராவது வெளியே காபி குடித்துவிட்டு வந்தேன் என்றால்கூட அவர் முகம் சுளிப்பார். அந்த மனுஷியின் கணவர் அவருடைய தூக்கிலேயே ஓட்டல் இட்லியை வாங்கி ஒளித்துக்கொண்டு போகிறார். மாப்பிள்ளைக்கு ஓட்டல் பலகாரமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. இந்த வீட்டில் அவள் போனதோடு எல்லாம் போய்விட்டது என்று என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு மாசமாக தினமும் சந்து வாசலில் நின்றிருக்கிறார். பிறகு ஓடிப்போய்க் குளித்து, விபூதி இட்டு, வெள்ளித் தட்டை எடுத்துப் போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அவருக்குக் கிடைத்தது நான் உப்பளத்தில் நின்ற அந்தக் கால் மணி.

ஏழு மணிக்குப் போனேன். வாசலில் நெற்றி நிறைய விபூதியுடன் நின்றார். தலையில் ஈரம் சொட்டியது. நாலு இட்லி, ஒரு வடை.

"இப்பத்தான் எறக்கினேன் மாப்ளே. சூடு ஆறறதுக்குள்ள சாப்டுங்கோ."

சாப்பிட்டேன். சாம்பார் தித்தித்தது, உடுப்பிக்காரர்கள் வெல்லம் போடுகிற தித்திப்பு. அதில் நெய் வேறு விட்டார். "ரொம்ப நன்னா இருக்கு மாமா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து மறுபடியும் உப்பளத்தில் நின்றேன். ஆனால் இப்போது அது வேறு மாதிரி நிற்பது. காட்சியைப் பார்க்கிறேனா, அவருக்காகக் காவல் நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கொக்கைப் பார்ப்பேன், உடனே கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது சந்தில் நிற்பார், இப்போது தூக்கை மூடுவார், இப்போது குளிப்பார். பார்க்கக் கூடாது என்று நினைத்த அன்று பார்க்கத் துடித்தேன், பார்த்தே ஆக வேண்டும் என்று ஆனதும் கண் ஒட்டவில்லை. டிசம்பரில் சூரியனும் பிந்திவிட்டது. மலைக்குப் பின்னால் சிவப்பு மட்டும் இருக்கும். பாத்திகளில் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது.

எடைக்கு வேறு வழி தேட வேண்டும். செம்பூரில் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் சாப்பிடாவிட்டால் அவரும் சாப்பிடமாட்டார். ஆகவே வீட்டில் கை வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டை மோரோடு முடித்துக்கொண்டேன். ஆபீசுக்கு டிபன் வேண்டாம் என்றேன். திரும்பி வரும்போது குர்லா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் என் மனைவி. பிறகு தட்டை டக்கென்று வைத்தாள்.

"நான் பண்றது எறங்கலை. எங்கப்பா பண்ணினா மட்டும் நாலு இட்லி எறங்கறதா?"

அசடு வழிந்தேன்.

"அப்படி என்னதான் பண்றார் அப்பா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் தானே குரல் இளகிவிட்டாள். "அம்மா கைமணம் வந்துடுத்து போலருக்கு அவருக்கு. எனக்குத்தான் வரலை."

கண்ணில் நீர் தளும்ப, பெருமையோடு சிரித்தாள். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் என் சாப்பாட்டுத் தகராறு தீரும், அவள் பெருமை போகும், அவர் மானம் போகும். முழுங்கினேன். எனக்கு அன்றைக்கு இறங்கிய கனமான சாப்பாடு அதுதான்.

ஜனவரிக் கடைசியில் டாக்டரிடம் போனேன். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. பட்டையைச் சுற்றிப் பார்த்தார், முகம் சரியில்லை. பயப்படாதே, கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது நல்லதாக நினை என்றார். கண்ணை மூடினேன். உப்பளம் வந்தது. அந்த வாரம்தான் உப்பை வாரிக் குவித்திருந்தார்கள், வரப்பு முழுக்க வெள்ளைக் குவியல்கள். அவற்றின் நடுவே பித்தளைத் தூக்கைப் பிடித்துக்கொண்டு மாமனார் நடந்து போனார். இது நல்லதில் சேர்த்தியா இல்லையா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே டாக்டர், "ஹா, அப் டீக் ஹை" என்றார். கையெழுத்துப் போட்டார். மிதித்ததால் இறங்கியதா, நின்றதால் இறங்கியதா, பட்டினியால் இறங்கியதா என்று அவரும் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை உப்பளத்தில் நின்றுவிட்டு ஏழு மணிக்கு செம்பூர் போனேன். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொன்னேன். மாமனார் பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு இட்லியை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அப்போ இனிமே சைக்கிள் வேண்டியிருக்காது."

அவர் கேட்கவில்லை, சொன்னார். கையில் நெய்க் கரண்டி அப்படியே நின்றது. அந்தக் கையைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பொய் சொன்னது.

"இல்லை மாமா. டாக்டர் விடக்கூடாதுன்னுட்டார். ஆயுசுக்கும் ஓட்டணுமாம்."

அவர் நெய்யை விட்டார். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். எதிரே உட்கார்ந்து தன் தட்டை இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சரி. ஆனா அன்னிக்கு ஒருநாள் மாதிரி வேகமா வந்துடாதீங்கோ. பிரேக் சத்தம் கேட்டப்போ எனக்கு உசிரே போயிடுத்து. உப்பளத்தண்டை நின்னு, பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டு மெதுவா வாங்கோ. அந்த ஓட்டல்காரன் ஆறே முக்காலுக்கு முன்னாடி இட்லியை எறக்கமாட்டேங்கறான்."

நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர் அழுதிருப்போம். மூன்று மாசமாகப் போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், வெள்ளித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னொண்ணு போடுங்கோ மாமா," என்றேன்.